முதலில் ஒரே ஒரு நியூரான்

ஐம்பதுகளின் கடைசியில், அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருந்த கார்னெல் ஏரோநாட்டிக்கல் ஆய்வுக்கூடத்தில் ஓர் எந்திரத்தைக் கட்டினார்கள். பெயர் மார்க் 1 பெர்செப்ட்ரான். அதன் கண், 20-க்கு 20 என்று அடுக்கிய 400 ஒளிமின்கலங்கள். கண்ணுக்குப் பின்னால் 512 இணைப்பு அலகுகள், அவற்றுக்குப் பின்னால் 8 விடை அலகுகள், நடுவே ஒரு கம்பிக்காடு. எந்திரம் தப்பாக விடை சொன்னால், சிறு சிறு மின்மோட்டார்கள் ஓடி, பொட்டென்ஷியோமீட்டர்களைக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பிவிடும். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகுகிற குமிழின் பின்னால் இருக்கிறதே, அதே உதிரிபாகம்தான். குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறதோ அதுதான் எந்திரம் கற்றது. இன்றைக்கு நியூரல் நெட்வொர்க் படிக்கிறவர்கள் 'எடை' என்று சொல்வது இந்தக் குமிழைத்தான். இப்போது அது கணினிக் கோப்பில் பதிந்த ஓர் எண்.

இதை உருவாக்கிய ஃபிராங்க் ரோசன்பிளாட் மனோதத்துவம் படித்தவர். எந்திரத்தைக் கட்டி முடிப்பதற்கு முன்பே, 1958 ஜூலையில், ஐபிஎம் 704 கணினியில் அதே கணக்கை ஓட்டிக் காட்டினார். இடப்பக்கம் குறியிட்ட அட்டை எது, வலப்பக்கம் குறியிட்ட அட்டை எது என்பதை 50 முயற்சிக்குப் பிறகு கணினி தானாகவே பிரித்துச் சொன்னது. செலவை ஏற்ற அமெரிக்கக் கடற்படை, இந்த வித்து வளர்ந்து நடக்கும், பேசும், எழுதும், தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதாக நியூயார்க் டைம்ஸ் செய்தி போட்டது. இடது வலது தெரிந்துகொண்ட ஒரு கணக்குக்கு இது கொஞ்சம் அதிகம்தான். இன்றைய செய்தித் தலைப்புகளைப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தொனி புதிதல்ல.

இப்போது இந்தத் துறைக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் எதிர்முனையிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு பைத்தான் லைப்ரரியை இறக்கி, யாரோ எழுதிய ஏழெட்டு வரிகளை ஒட்டி ஓட்டினால், 98 விழுக்காடு துல்லியம் என்று திரையில் வருகிறது. சந்தோஷம். ஆனால் அது 60 ஆகக் குறைந்துவிட்டால் எங்கே கை வைப்பது என்று தெரியாது. இந்தத் துறை எந்த வரிசையில் வளர்ந்ததோ அந்த வரிசையில் கற்பதே நல்லது என்பது என் கட்சி. முதலில் ஒரே ஒரு நியூரான், அதுவும் காகிதத்தில் பென்சிலோடு. பிறகு அது தோற்கும் இடம். பிறகு மூன்று நியூரான். லைப்ரரி அதற்கப்புறம் வந்தால் போதும்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே கழற்றி வைத்துவிடலாம். மூளையைப் பற்றிய கவலை. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தனி வேதித் தொழிற்சாலை. 1943-ல் நரம்பியலாளர் வாரன் மெக்கல்லக்கும், இருபது வயதை ஒட்டியிருந்த வால்டர் பிட்ஸும் சேர்ந்து எழுதிய கட்டுரை, அதிலிருந்து ஒரே ஒரு அம்சத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டது: வரும் சமிக்ஞைகளைக் கூட்டு, கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் நீயும் சமிக்ஞை அனுப்பு. நம் செயற்கை நியூரான் அவ்வளவுதான். பெயர்தான் உயிரியல், உள்ளே இருப்பது பெருக்கலும் கூட்டலும்.

சரி, பென்சிலை எடுத்துக்கொள்வோம். நம் நியூரானுக்கு இரண்டு உள்ளீடுகள். ஒவ்வொன்றும் 0 அல்லது 1. ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ஓர் எடை. கூடவே எந்த உள்ளீட்டையும் சாராத பயாஸ் என்றொரு எண். உள்ளீட்டை எடையால் பெருக்கி, கூட்டி, பயாஸையும் சேர்க்க வேண்டும். மொத்தம் பூஜ்யத்துக்கு மேல் போனால் விடை 1, இல்லையென்றால் 0. அதற்குக் கற்றுக்கொடுக்கப்போவது ‘இரண்டும் 1 ஆக இருந்தால் மட்டும் 1’ என்பதை. திருத்தும் விதியும் சுலபம். விடை சரியென்றால் எதையும் தொடாதே. 1 வர வேண்டிய இடத்தில் 0 வந்தால், 1 ஆக இருந்த உள்ளீடுகளின் எடையில் ஒன்று கூட்டு, பயாஸிலும் ஒன்று கூட்டு. 0 வர வேண்டிய இடத்தில் 1 வந்தால் அதே இடங்களில் ஒன்று கழி.

எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்துத் தொடங்கலாம். (0,0), (0,1), (1,0), (1,1) என்ற வரிசையில் நான்கையும் காட்டினால் ஒரு சுற்று. முதல் மூன்றுக்கும் மொத்தம் பூஜ்யம், விடை 0, சரி. நான்காவதிலும் 0 என்கிறது. அங்கே 1 வர வேண்டும். திருத்தியதும் எடைகள் 1, 1, பயாஸ் 1. இரண்டாம் சுற்றில், சரியாக இருந்த (0,0) கெட்டுப்போகிறது, ஏனென்றால் பயாஸ் மட்டுமே பூஜ்யத்தைத் தாண்டிவிட்டது. அதைத் திருத்தினால் (0,1) தப்பாகிறது. அதையும் திருத்தினால் (1,0) தப்பிக்கிறது, (1,1) மறுபடி மாட்டிக்கொள்கிறது. சுற்று முடிவில் எடைகள் 2, 1, பயாஸ் 0. மூன்றாம் சுற்றிலும் மூன்று தப்பு. நான்காவதில் இரண்டு, ஐந்தாவதில் ஒன்று. ஆறாம் சுற்றில் ஒரு தப்பும் இல்லை. எடைகள் 2, 1, பயாஸ் -2. ஆக மொத்தம் பத்துத் திருத்தங்கள்.

இதைக் கையால் போட்டுப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தானாகவே கண்ணில் படும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும், ஆனாலும் மொத்தத்தில் முன்னேற்றம் இருக்கும். இந்தக் கணக்குக்கு இரண்டு உள்ளீடுகளும் சமமானவை, அப்படியிருந்தும் முடிவில் ஒன்றின் எடை 2, மற்றதன் எடை 1. காட்டிய வரிசையின் தடம் அது. மூன்றாவதாக, விதியை நாம் எங்கேயும் எழுதிக் கொடுக்கவில்லை. எடுத்துக்காட்டையும் தப்பு எது என்பதையும் மட்டுமே கொடுத்தோம். விதி அந்த மூன்று எண்களில் போய் உட்கார்ந்துகொண்டது. அறிவு என்பது எழுதி வைத்த விதிகளில் இல்லை, இணைப்புகளின் பலத்தில் இருக்கிறது என்ற கொள்கைக்கு இணைப்பியம் என்று பெயர். அந்தக் கொள்கையின் ஆகச் சிறிய உதாரணம் இந்தப் பத்துத் திருத்தங்கள்.

அடுத்து இது தோற்கும் இடம். மாடிப்படி விளக்குக்கு, படியின் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஏதாவது ஒன்றை மட்டும் தட்டினால் விளக்கு எரியும்; இரண்டையும் தட்டினால் அணைந்துவிடும். அட்டவணையாகப் போட்டால் (0,0)-க்கு 0, (0,1)-க்கு 1, (1,0)-க்கு 1, (1,1)-க்கு 0. நம் ஒற்றை நியூரானுக்கு இதைக் கற்றுக்கொடுங்கள் பார்க்கலாம். ஆறு சுற்றில் அல்ல, ஆறாயிரம் சுற்றிலும் முடியாது. காரணத்தைச் சொல்ல உயர்கணிதம் தேவையில்லை. முதல் வரிசை சரியாக வர, பயாஸ் பூஜ்யமாகவோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் சரியாக வர, ஒவ்வோர் எடையும் பயாஸோடு சேர்ந்து பூஜ்யத்தைத் தாண்ட வேண்டும். இவை இரண்டையும் கூட்டினால், இரண்டு எடைகளும் இரண்டு பயாஸும் சேர்ந்து பூஜ்யத்துக்கு மேல். அதிலிருந்து ஒரு பயாஸை எடுத்துவிட்டால் தொகை குறையாது, ஏனென்றால் பயாஸ்தான் நேர்மறை எண் இல்லையே. ஆகவே இரண்டு எடைகளும் ஒரு பயாஸும் சேர்ந்தாலும் பூஜ்யத்துக்கு மேல்தான். நான்காம் வரிசையோ அது கூடாது என்கிறது. முரண்பாடு.

1969-ல் மார்வின் மின்ஸ்கியும் செய்மோர் பேப்பர்ட்டும் ‘பெர்செப்ட்ரான்ஸ்’ என்ற புத்தகத்தில் இந்த வகைக் குறைபாடுகளைக் கணித நிறுவல்களோடு அடுக்கினார்கள். அந்தப் புத்தகம்தான் துறையைக் கொன்றது என்ற கதையைப் பலர் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. பல அடுக்குகளை வைத்தால் இந்தத் தடையைத் தாண்டலாம் என்பது அப்போதே தெரிந்த விஷயம். அந்த அடுக்குகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. ரோசன்பிளாட் 1971-ல், தன் 43-ஆம் பிறந்தநாளன்று படகு விபத்தில் இறந்துபோனார். பணமும் ஆர்வமும் வேறு பக்கம் நகர்ந்துவிட்டன.

மாடிப்படி விளக்கை மூன்று நியூரானில் முடிக்கலாம். முதல் நியூரான், ஏதாவது ஒன்று 1 ஆனாலும் 1 சொல்லட்டும்: எடைகள் 1, 1; பயாஸ் 0. இரண்டாவது, நாம் பாடுபட்டுப் பயிற்சி கொடுத்த அதே 2, 1, -2. மூன்றாவது நியூரான் நேரடியாக ஸ்விட்சுகளைப் பார்க்காது. முதல் நியூரானின் விடையை 1 என்ற எடையோடும், இரண்டாவதன் விடையை -1 என்ற எடையோடும் வாங்கிக்கொள்ளும், பயாஸ் 0. நான்கு வரிசையையும் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். நடுவில் நிற்கும் அந்த இரண்டுக்கும் மறை அடுக்கு என்று பெயர். எழுபது ஆண்டுத் துறையின் மையமே அந்த அடுக்கில்தான் இருக்கிறது.

ஆனால் இந்த எடைகளை நான் யோசித்துப் போட்டேன். கணினி தானாகக் கண்டுபிடிக்க வேண்டுமே? கடைசி நியூரான் தப்புச் செய்தால் தெரியும், சரியான விடை நம் கையில் இருக்கிறது. மறை அடுக்கில் இருக்கும் நியூரான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எவருமே சொல்லவில்லை. தப்பில் அதன் பங்கு எவ்வளவு?

இங்கேதான் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தில் வரும் சங்கிலி விதி கைகொடுக்கிறது. முதலில் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். நம் நியூரான் 0-விலிருந்து 1-க்குத் திடீரென்று தாவுகிறது. எடையைச் சற்றே நகர்த்தினால் விடையில் ஒன்றும் தெரியாது. அந்தத் தாவலை எடுத்துவிட்டு, 0-விலிருந்து 1-க்கு வழுக்கிக்கொண்டே ஏறும் சிக்மாய்ட் என்ற வளைகோட்டை வைத்துவிடலாம். இப்போது எடையை ஒரு நூல் நகர்த்தினால் நியூரானின் கூட்டுத்தொகை கொஞ்சம் மாறும், அதனால் அதன் விடை, அதனால் அடுத்த நியூரானின் தொகை, அதன் விடை, கடைசியில் பிழையின் அளவு என்று வரிசையாக மாறும். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மடங்கு மாறுகிறது என்பதைக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் பெருக்கினால், அந்த ஓர் எடைக்கும் பிழைக்கும் உள்ள உறவு கிடைத்துவிடும். பிழையைக் குறைக்கும் திசையில் எடையை நகர்த்த வேண்டியதுதான். கணக்கைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போட்டால், பல எடைகளுக்குப் பொதுவான பெருக்கலை ஒரே தடவை செய்தால் போதும். இதைத்தான் பேக்ப்ராப்பகேஷன் என்கிறார்கள், பின்பரவல்.

இதன் கணிதக் கருவை ஃபின்லாந்தில் செப்போ லின்னைன்மா 1970-லேயே எழுதியிருந்தார். பால் வெர்போஸ் 1974-ல் ஹார்வர்டு ஆய்வேட்டில் வேறு வழியில் அதற்கு வந்தார். உலகம் கவனித்தது 1986-ல், ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு கட்டுரைக்குப் பிறகு. முதலில் கண்டுபிடித்தது யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கற்றுக்கொள்ள வந்தவர் அதில் தலையிட வேண்டியதில்லை.

இரண்டு உள்ளீடு, மறை அடுக்கில் இரண்டு நியூரான், விடைக்கு ஒன்று. மொத்தம் 9 எண்கள். இதை எந்த லைப்ரரியும் இல்லாமல் ஐம்பது அறுபது வரிகளில் நீங்களே எழுத முடியும், எழுதத்தான் வேண்டும். எழுதும்போது சில பள்ளங்களில் விழுவீர்கள். முன்பு செய்ததுபோல எல்லா எடைகளையும் பூஜ்யத்தில் தொடங்கினால் வேலை ஆகாது: மறை அடுக்கின் இரண்டு நியூரான்களுக்கும் ஒரே திருத்தம்தான் போகும், கடைசிவரை இரட்டைப் பிள்ளைகளாகவே இருந்துவிடும். தாறுமாறான சிறு எண்களில் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கியும் சில சமயம் பாதியில் சிக்கி நிற்கும்; வேறு எண்களை வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். எழுதியது சரியா என்று சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. ஓர் எடையை 0.0001 மட்டும் கூட்டுங்கள், பிழை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து 0.0001-ஆல் வகுங்கள். பேக்ப்ராப் சொல்லும் எண்ணும் இதுவும் பல தசம இடங்கள்வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தப்பு உங்கள் நிரலில் இருக்கிறது. ஒன்பது எடைக்கும் இதைச் செய்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

சிக்மாய்டைப் பற்றி இன்னொன்று. அந்த வளைகோட்டின் சரிவு எங்கே பார்த்தாலும் 0.25-ஐத் தாண்டாது. பத்து அடுக்கு வைத்தால் 0.25-ஐப் பத்துத் தடவை பெருக்க வேண்டிவரும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். எடைகள் பெரிதாக இருந்து ஈடுகட்டினாலொழிய, முதல் அடுக்குக்குத் திருத்தமே போய்ச் சேராது. அடுக்குகளை ஆழமாக்க முடியாமல் பல ஆண்டுகள் திணறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பூஜ்யத்துக்குக் கீழே 0, மேலே அப்படியே நேர்கோடு என்கிற ரெலு வந்த பிறகு அந்த இறுக்கம் வெகுவாகத் தளர்ந்தது. அதை விளக்கக் கையால் போட்ட ஒரு பெருக்கல் போதும் என்பதைக் கவனியுங்கள்.

இதற்குப் பிறகு படங்களுக்குப் போகலாம். எல்லோரும் போவது எம்னிஸ்ட் என்ற கையெழுத்து எண்களுக்கு: பயிற்சிக்கு 60,000 படங்கள், சோதனைக்கு 10,000. ஒவ்வொன்றும் 28-க்கு 28, அதாவது 784 புள்ளிகள். மறை அடுக்கில் 30 நியூரான், விடைக்கு 10 வைத்தால் மொத்தம் 23,860 எடைகளும் பயாஸ்களும். சாதாரண லேப்டாப்பே சில நிமிடத்தில் சுமார் 95 விழுக்காட்டைத் தொட்டுவிடும். பயிற்சிக்குக் காட்டிய படத்தையே சோதனைக்கும் வைத்து மகிழ்ந்துவிடாதீர்கள். மனப்பாடம் செய்வதில் இந்த நெட்வொர்க்குகள் நம் பரீட்சைப் பிள்ளைகளுக்குச் சளைத்தவை அல்ல. 95-ஐக் கண்டு மயங்கவும் வேண்டாம். ஆறு இலக்க பின்கோடு ஒன்றை இதைக்கொண்டு படித்தால், ஆறும் சரியாக அமைவதற்கு 0.95-ஐ ஆறு தடவை பெருக்க வேண்டும், 0.735 வருகிறது. நூறு உறையில் இருபத்தாறு இருபத்தேழு வேறு ஊருக்குப் போய்ச் சேரும்.

தபால் என்றதும் மறுபடி பஃபலோ வருகிறது. 1989-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் யான் லெக்கூனும் கூட்டாளிகளும், பஃபலோ தபால் நிலையம் வழியாகச் சென்ற உறைகளில் மக்கள் கையால் எழுதிய ஜிப்கோடு எண்களை எடுத்து ஒரு நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். பயிற்சிக்கு 7,291 படங்கள், சோதனைக்கு 2,007. அந்த நெட்வொர்க்கில் 64,000-க்கும் மேல் இணைப்புகள், ஆனால் தனித்தனி எண்கள் 9,760 மட்டுமே. 5-க்கு 5 சிறு சல்லடைகளைப் படம் முழுக்க நகர்த்தி, எல்லா இடத்திலும் அதே எடைகளைப் பயன்படுத்தியதால் வந்த சிக்கனம். ஒரு கோடு மூலையில் இருந்தாலும் நடுவில் இருந்தாலும் கோடுதான் என்ற பொதுப்புத்தியை நெட்வொர்க்கின் அமைப்பிலேயே கட்டிவிட்டார்கள். அன்றைய சன் கணினியில் பயிற்சிக்கு மூன்று நாள் பிடித்தது. 2012-ல் படங்களை இனங்காணும் இமேஜ்நெட் போட்டியில் ஹின்டனின் மாணவர்கள் வென்ற நெட்வொர்க்கில் சுமார் 6 கோடி எண்கள் இருந்தன. சல்லடை யோசனை இதே பரம்பரைதான்.

இணைப்பியம் பொறியாளர்களின் சொத்து மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ரூமல்ஹார்ட்டும் மெக்லெலண்டும் 1986-ல் ஆங்கில வினைச்சொற்களின் இறந்தகாலத்தை ஒரு நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆங்கிலக் குழந்தைகள் முதலில் ‘வென்ட்’ என்று சரியாகச் சொல்லி, பிறகு விதி பிடிபட்டதும் ‘கோட்’ (goed) என்று கெடுத்து, பிறகு மறுபடி சரிக்கு வருவார்கள். நெட்வொர்க்கும் அதே போல வழுக்கி எழுந்தது, உள்ளே ஒரு விதிகூட எழுதப்படாமலே. ஸ்டீவன் பிங்கரும் ஆலன் பிரின்ஸும் 1988-ல் இதைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள்: முதலில் 10 வினைகளைக் கொடுத்துவிட்டு அடுத்து 410-ஐ ஒரேயடியாகக் கொட்டியதால்தான் அந்தச் சறுக்கல், குழந்தைகளுக்கு யாரும் அப்படிச் சொற்களைக் கொட்டுவதில்லை என்றார்கள். நியாயமான கேள்வி. ஒரு நெட்வொர்க் சரியான விடை தருவது வேறு, மனிதர்கள் செய்கிற வழியில் செய்வது வேறு என்பதை ஆரம்பத்திலேயே பழகிக்கொள்ள இந்தச் சண்டையைப் படிப்பது நல்லது.

எதைப் படிக்கலாம்? மைக்கேல் நீல்சன் 2015-ல் இணையத்தில் இலவசமாக வைத்த ‘நியூரல் நெட்வொர்க்ஸ் அண்ட் டீப் லேர்னிங்’, மேலே சொன்ன 30 நியூரான் நெட்வொர்க்கை முதல் அத்தியாயத்திலேயே கட்டிக் காட்டுகிறது. சென்னை ஐஐடியின் மிதேஷ் கப்ரா என்பிடெலில் கொடுத்திருக்கும் டீப் லேர்னிங் பாடங்கள், மெக்கல்லக்-பிட்ஸ் நியூரானிலிருந்து படிப்படியாக ஏறுகின்றன. ஆங்கிலத்தில்தான், ஆனால் நம் ஊர் வகுப்பறையின் நிதானம் உண்டு. அதே ஐஐடியில் இருந்த பி. யக்ஞநாராயணா 1999-ல் எழுதிய ‘ஆர்ட்டிஃபிஷியல் நியூரல் நெட்வொர்க்ஸ்’ பழைய புத்தகம். ஹாப்ஃபீல்டு என்ற ஆய்வாளரின் பெயரில் வழங்கும் நெட்வொர்க்குகளைப் படிக்க இன்றும் உதவும். அந்த ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும்தான் 2024-ல் இயற்பியல் நோபல் போனது. நிரலைப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு ஆந்த்ரே கர்பாத்தியின் மைக்ரோகிராட் இருக்கிறது, பேக்ப்ராப் முழுவதும் சுமார் நூறு வரிகளில். குட்ஃபெலோ, பெஞ்சியோ, கோர்வில் எழுதிய தடிப்புத்தகத்தை முதலில் தொடாதீர்கள். அது அடுத்த ஆண்டுக்கு.

இவற்றில் எதைத் திறப்பதற்கு முன்பும் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். ‘ஏதாவது ஒன்று 1 ஆனாலும் 1’ என்பதை, பூஜ்யத்தில் தொடங்கி, அதே வரிசையில், அதே திருத்த விதியோடு நியூரானுக்குக் கற்றுக்கொடுங்கள். நான்கு திருத்தங்களில் முடிந்து, எடைகள் 1, 1 என்றும் பயாஸ் 0 என்றும் வர வேண்டும். வேறு எண் வந்தால் எங்கேயோ கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறீர்கள்.